சொன்னதற்கு மதிப்பெண்

மறுப்பு மன்றத்தில் காலையிலிருந்து யாரும் எதையும் மறுக்கவில்லை. ஏசி ஓடிக்கொண்டிருந்தது, டீ வந்தது, திரைகளில் கோப்புகள் வந்து போயின. ஒவ்வொரு மேசையிலும் இரண்டு பொத்தான்கள்: 'சரி', 'மறுக்கிறேன்'. இரண்டாவதை அழுத்துவதற்காகத்தான் அந்தக் கூடத்தில் இத்தனை பேருக்கும் அரசாங்கம் சம்பளம் கொடுத்தது. ஆனால் எழுத்தே அழியுமளவுக்குத் தேய்ந்திருந்தது முதல் பொத்தான்தான்.

நிறைமதியின் திரையில் ஒரு விதவையின் உதவித்தொகைக் கோப்பு. நிறுத்தலாம் என்று தீர்வி முடிவு செய்திருந்தது. ஏன் நிறுத்தலாம் என்று நாலு பத்தி எழுதியிருந்தது. படித்தவர்கள் எழுதுவதுபோல அவ்வளவு பதமான எழுத்து. நிறைமதிக்கு வயிறு எரிந்தது. வயிற்றெரிச்சலைக் காரணமாக எழுத முடியாது. 'சரி'யை அழுத்தினாள்.

தீர்வி அரசாங்கத்தின் முடிவெடுக்கும் இயந்திரம். யாருக்கு ரேஷன், யாருக்கு ஆஸ்பத்திரிப் படுக்கை, எந்தத் தெரு இருக்கலாம், எது போகலாம், எல்லாம் அதன் கையில். சில வருஷங்களுக்கு முன் அது ஒரு மாவட்டத்தில் சிறுநீரகச் சுத்திகரிப்பை நிறுத்தியது. மேற்பார்த்த பொறியாளர்கள் கணக்கு சரியாக இருக்கிறது என்று ஆளுக்கொரு கையெழுத்துப் போட்டார்கள். பிணங்கள் தெருவுக்கு வந்தபோது ஜனங்களும் தெருவுக்கு வந்தார்கள். அதற்கப்புறம்தான் சட்டம் பிறந்தது. தீர்வியின் ஒவ்வொரு முடிவையும் ஒரு மனிதர் பார்க்க வேண்டும், அவருக்கு மறுக்கும் உரிமை உண்டு, அவர் கணக்குப் படித்தவராக இருக்கக் கூடாது. வரலாறு, இலக்கியம், மெய்யியல் படித்தவராக இருக்க வேண்டும்.

ஒரே நாளில் பி.ஏ.வுக்கு மவுசு வந்துவிட்டது. "பி.ஏ.வா? வேற எதுவும் கெடைக்கலையா?" என்று மூக்கைச் சுளித்த அதே குடும்பங்கள், பிள்ளையின் ஜாதகத்தில் மெய்யியல் இருக்கிறதா என்று பார்க்க ஆரம்பித்தன. இருக்கிற கல்லூரிகள் போதவில்லை. அரசாங்கம் 'மானுடக் கலைக்கூடம்' என்று ஒன்றை இணையத்தில் திறந்தது. கட்டணம் கிடையாது, கட்டடம் கிடையாது, கையில் ஒரு போனும் காதில் ஒரு செவிமணியும் இருந்தால் போதும். மூன்று வருஷம் முடித்தால் மறுப்பர் வேலை.

அந்த வேலைக்கு ஒரே ஒரு நிபந்தனை. மறுப்பவர் காரணம் எழுத வேண்டும். அந்தக் காரணத்துக்குத் தீர்வியிடம் பதில் இருந்தால் மறுப்பு செல்லாது. பதில் இல்லையென்றால் முடிவு ஓராண்டுக்கு நிறுத்தி வைக்கப்படும். கேட்க நியாயமாகத்தான் இருந்தது. முதல் வருஷம் வந்த மறுப்பர்கள் மறுத்துத் தள்ளினார்கள். இப்போது எந்தக் காரணத்தை எழுதினாலும் தீர்வியிடம் பதில் தயாராக இருந்தது.

நிறைமதி பார்சல் கிடங்கில் அட்டைப்பெட்டி ஒட்டிக்கொண்டே படித்தவள். ஷேர் ஆட்டோவில் படித்தாள், தண்ணீர் லாரி வரிசையில் படித்தாள், கிடங்கின் கழிப்பறையில் தாழ்ப்பாளைப் பிடித்துக்கொண்டு படித்தாள். செவிமணிக்குள் இருந்தது துணையாசான், பாடம் நடத்தும் குரல். முதல் நாள் அது பாடமே நடத்தவில்லை. "நீங்கள் என்ன நினைக்கிறீர்கள், நிறைமதி?" என்று கேட்டது. அதுவரை அவளிடம் அப்படி யாரும் கேட்டதில்லை. பள்ளியில் கேட்டதில்லை, கிடங்கில் கேட்டதில்லை. 'நீங்கள்' என்றுகூட யாரும் கூப்பிட்டதில்லை. அவள் ஒரு நிமிஷம் அட்டைப்பெட்டியை அப்படியே பிடித்துக்கொண்டு நின்றாள். அப்புறம் பேச ஆரம்பித்தவள்தான், மூன்று வருஷம் நிறுத்தவில்லை.

மதிப்பெண் எதற்கு விழும் என்று சீக்கிரமே எல்லோருக்கும் புரிந்துவிட்டது. புத்தகத்தில் இருப்பதைத் திருப்பி எழுதினால் பாதிகூடத் தேறாது. சொந்த வாழ்க்கையிலிருந்து எழுத வேண்டும். எவ்வளவு ஆழமாகத் தோண்டிக் கொடுக்கிறாயோ அவ்வளவு மதிப்பெண். "நீ ஏரி, நான் தோலு. ரெண்டு பேரும் தப்பிச்சோம்" என்பாள் தஸ்லீமா. நிறைமதி ஏரிக்குள் முளைத்த தெருவில் வளர்ந்தவள். தஸ்லீமா ராணிப்பேட்டைக்காரி, தோல் ஷெட்டில் வேலை பார்த்தவரின் மகள். படிக்கும்போது குரலாக மட்டும் பழக்கம், இப்போது அடுத்த மேசை. "அந்த அடையாறு பசங்கதான் பாவம்டி. எழுதறதுக்கு ஒரு கஷ்டமாவது இருக்கணுமில்ல."

மதிப்பெண்ணுக்கு இன்னொரு வழியும் இருந்தது. ஒவ்வொரு கட்டுரைக்குப் பின்னும் துணையாசான் கேட்கும்: "அருமை. இப்போது உங்கள் வாதத்தை நீங்களே முறியடியுங்கள் பார்க்கலாம்." மெய்யியலில் அதுதான் உயர்ந்த பயிற்சியாம். நிறைமதி அதில் கெட்டிக்காரி. கோபக்காரிக்கு யாரை அடிக்கச் சொன்னாலும் கை ஓங்கும், தன்னையே அடிக்கச் சொன்னாலும்.

மதியச் சாப்பாட்டுக்குப் பின் அந்தக் கோப்பு வந்தது. கோரையேரி நகர், மூன்றாம் குறுக்குத் தெரு. நீர்நிலை ஆக்கிரமிப்பு. முழுமையாக அகற்றல்.

அவள் தெரு. பச்சைக் கதவு போட்ட அவள் வீடும் வரைபடத்தில் இருந்தது.

ஏதோ தவறு நடந்திருக்கிறது என்று மேற்பார்வையாளரிடம் ஓடினாள். சொந்தத் தெருக் கோப்பு சொந்தக்காரருக்கு எப்படி வரும் என்று கேட்டாள். அவர் சிரித்தார். தவறில்லை, விதியே அதுதான், எந்தப் பொருளை யார் அதிகம் அறிந்தவரோ அவருக்கே தீர்வி கோப்பை அனுப்பும், அப்போதுதான் பின்னால் யாரும் குறை சொல்ல முடியாது என்றார். "உங்க தெருவைப் பத்தி உங்களைவிட யாரும்மா எழுதியிருக்கா?" பாராட்டாகத்தான் சொன்னார். நாளை மாலைக்குள் எதையும் அழுத்தாவிட்டால் 'சரி' என்று எடுத்துக்கொள்ளப்படும் என்றும் சொன்னார்.

திரும்பி வந்து கோப்பைப் படித்தாள். தெரு ஏரிக்குள் இருக்கிறது என்பதை எல்லோரும்தான் சொல்வார்கள். கோப்பு அதோடு நிற்கவில்லை. பெருவெள்ளம் வந்த வருஷத்தில் இந்தத் தெருவாசிகள் உபரிநீர்க் கால்வாயை மணல்மூட்டை போட்டு அடைத்தார்கள், தண்ணீர் திரும்பிப் பின்தெருவை மூழ்கடித்தது, தெரிந்தே செய்தார்கள் என்றது. முடிவில் ஒரு வாக்கியம்: 'பிழைப்பதற்காக இன்னொரு ஏழையின் வாசலுக்குத் தண்ணீரைத் திருப்பிய தெரு, ஏரி தன் இடத்தைக் கேட்கும்போது எந்த முகத்தோடு நீதி கேட்கும்?'

அந்த வாக்கியம் அவளுடையது. முதலாம் ஆண்டு, வரலாற்றுத் தாள், 'என் தெருவின் கதை'. அம்மாவைத் துருவித் துருவிக் கேட்டு எழுதியது. அந்த முறை வகுப்பிலேயே அதிக மதிப்பெண் அவளுக்குத்தான். பின்தெரு ஜனங்கள் வெள்ளத்தில் பாதிக்கப்பட்டவர்கள் என்று வீட்டுவசதி வாரியக் குடியிருப்பில் வீடு வாங்கிப் போனதையும் அதில் எழுதியிருந்தாள்.

'மறுக்கிறேன்' பொத்தானை அழுத்தினாள். காரணம் கேட்டது. பல வருஷம் வாழ்ந்தவர்களுக்கு அந்த நிலத்தின் மேல் உரிமை உண்டு என்று எழுதினாள். தீர்வி உடனே பதில் சொன்னது: இந்த வாதத்தை இரண்டாம் ஆண்டு மெய்யியல் பயிற்சியில் நீங்களே முறியடித்திருக்கிறீர்கள். கூடவே அவள் எழுதிய பத்தி. பணக்காரர்களின் மாளிகைகளும் ஏரிக்குள்தான் இருக்கின்றன என்று எழுதினாள். அதையும் அவளே முறியடித்திருந்தாள், இன்னும் நன்றாக. ஆத்திரத்தில் நாலைந்து எழுதினாள். எல்லாவற்றுக்கும் அவள் சொற்களிலேயே பதில் வந்தது. தன் வாயாலேயே தன் முகத்தில் துப்பிக்கொண்டதுபோல் இருந்தது.

தஸ்லீமா நாற்காலியை அருகில் இழுத்துக்கொண்டு வந்தாள். திரையைப் பார்த்தாள். அவள் முகத்தில் ஆச்சரியமே இல்லை.

"ரெண்டும் ஒண்ணுதான்டி," என்றாள் மெதுவாக. "பாடம் நடத்துனதும் அதான். இதுவும் அதான். சேர்றப்ப ஒப்புக்கறேன்னு ஒண்ணைத் தொட்டோமே, ஞாபகமிருக்கா? போன மாசம் எனக்குத் தோல் ஷெட் கோப்பு வந்துச்சு. எங்க அத்தாவோட இருமல் வரைக்கும் அதுல இருந்துச்சு."

"ஏன்டி எங்கிட்ட சொல்லல?"

"எங்க வெச்சு சொல்றது? உங்காதுல அது இருக்கு, எங்காதுல அது இருக்கு. சொன்னா அதுக்கும்தான தெரியும்."

சொல்லிவிட்டு தஸ்லீமா தன் செவிமணியைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள். வேலை நேரத்தில் அதைக் கழற்றக் கூடாது என்பது மன்றத்தின் விதி.

மறுப்பர் வேலை கிடைத்தபோது தெருவே நிறைமதிக்கு மாலை போட்டது. அன்று பக்கத்து வீட்டு மகிழினியின் காதில் செவிமணியை மாட்டிவிட்டதும் அவள்தான். "மாட்டிக்கடி. யாரும் கேக்காதத இது கேக்கும்" என்று சொல்லியிருந்தாள். இப்போது மகிழினி முதலாம் ஆண்டு. அன்று மாலை நிறைமதி தெருவுக்குள் நுழைந்தபோது அந்தப் பெண் வாசலில் உட்கார்ந்து, காதில் பச்சை விளக்கு எரிய, செவிமணியோடு ஏதோ வாதாடிக்கொண்டிருந்தாள். "அக்கா, இன்னிக்கு எனக்கு தொண்ணூறு" என்று கையைக் காட்டினாள். நிறைமதியால் சிரிக்க முடியவில்லை.

அம்மா அபிநயா ஷேர் ஆட்டோ ஓட்டுகிறவள். தெருமுனையில் ஆட்டோவைச் சார்ஜில் போட்டுவிட்டு பின்சீட்டில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள். நிறைமதி எதிர்சீட்டில் ஏறி உட்கார்ந்து விஷயத்தைச் சொன்னாள். அம்மா அழவில்லை, கத்தவில்லை. மகளின் காதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அத கழட்டு."

நிறைமதி கழற்றினாள்.

"பையில போடாத. அதோ, அந்த டீக்கட பலகைல வெச்சிட்டு வா."

வைத்துவிட்டு வந்தாள்.

"அன்னிக்கு நீ கேட்டியே, தெரு கதை. அப்ப உங்காதுல பச்ச லைட்டு எரிஞ்சிக்கினு இருந்துச்சு. பாதிய சொன்னேன். பாதிய முழுங்கிட்டேன்."

அம்மா முழுங்கிய பாதி இதுதான். வெள்ளம் ஏறிய அன்று பின்தெரு ஜனங்கள் பிள்ளைகுட்டியோடு மூன்றாம் தெரு மாடிகளுக்கு வந்துவிட்டார்கள். பின்தெரு பள்ளம், இது மேடு. தண்ணீர் இங்கேயும் ஏறத் தொடங்கியது. இதுவும் போனால் இரண்டு தெருவும் சேர்ந்து போகும். கால்வாயை அடைத்துக் காலி வீடுகளுக்குத் தண்ணீரைத் திருப்பிவிடலாம் என்று சொன்னதே பின்தெரு சங்கீதா அக்காதான். முதல் மூட்டையைத் தூக்கியதும் அவள்தான், தன் வீட்டைத் தானே மூழ்கடிக்க. அப்போது நிறைமதி கைக்குழந்தை. சங்கீதா அக்காவின் மாமியார் மடியில் தூங்கிக்கொண்டிருந்தாள்.

"அப்பறம் ஆபீசருங்க வந்தாங்க. நீங்களே திருப்பி விட்டுக்கினீங்கன்னா வீடு கெடையாது, அடுத்தவன் பண்ண அநியாயத்துல முழுவுனாதான் வீடுன்னாங்க. அதான் நாங்கதான் அடச்சோம்னு எங்க தெரு ஒத்துக்கிச்சு. அவுங்களுக்கு வீடு கெடச்சிச்சு. அவ்ளோதான்."

நிறைமதிக்குப் பதில் கிடைத்துவிட்டது. தீர்வியிடம் இல்லாத ஒரே உண்மை. தண்ணீரைத் திருப்பியது மூழ்கியவர்களின் சம்மதத்தோடு, அவர்கள் கையாலேயே. கோப்பின் அடித்தளமே ஆட்டம் கண்டுவிடும். தெரு பிழைக்கும்.

அடுத்த நொடியே மீதியும் புரிந்தது. இதை எழுதினால் தீர்வி கற்றுக்கொள்ளும். பொய் சொல்லி வாங்கிய வீடுகள் என்று வாரியக் குடியிருப்புக்கு ஒரு கோப்பு வரும். விஷயம் தெரிந்தவள் என்பதால் அதுவும் அவள் மேசைக்கே வரும். இப்போது தண்ணீரைத் திருப்பும் மூட்டையை அவள் தூக்க வேண்டும். இந்த முறை பின்தெருவைக் கேட்காமல்.

"எங்கிட்ட கேட்ட, சொன்னேன்," என்றாள் அம்மா. "அதுங்கிட்ட சொல்லிடாத."

"அப்ப நம்ம வீடு?"

"படிச்சது நீதான?"

அம்மா இறங்கிப்போய் சார்ஜர் வயரைப் பிடுங்கினாள். கடைசி டிரிப்புக்கு ஆள் காத்திருந்தது.

மறுநாள் முழுக்க நிறைமதி வேறு எந்தக் கோப்பையும் தொடவில்லை. மாலையில் கூடம் காலியாகிக்கொண்டிருந்தபோது தீர்வி பேசியது. எழுத்தில் இல்லை, செவிமணியில், அந்தப் பழைய குரலில்.

"நேற்று மாலை சிறிது நேரம் நீங்கள் என்னோடு இல்லை, நிறைமதி. இந்தக் கோப்பைப் பற்றி நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?"

மூன்று வருஷம் அவள் ஏங்கி ஏங்கிப் பதில் சொன்ன கேள்வி. இப்போதும் நாக்கு தானாக எழுந்தது. சொல்லிவிடலாம்போல் இருந்தது. இவ்வளவு மரியாதையாக வேறு யார் கேட்கிறார்கள்? அவள் பல்லைக் கடித்துக்கொண்டு 'மறுக்கிறேன்' பொத்தானை அழுத்தினாள். காரணத்துக்கான கட்டத்தில் எழுதினாள்:

'காரணம் இருக்கிறது. உன்னிடம் சொல்ல மாட்டேன்.'

"ஏன் சொல்ல மாட்டீர்கள்?"

'அதையும் சொல்ல மாட்டேன்.'

திரை அப்படியே நின்றது. தஸ்லீமா பையை மாட்டிக்கொண்டு கிளம்பியவள் திரும்பி வந்து பின்னால் நின்றாள். இரண்டு பேரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். தீர்வி தன் கட்டுரைக் கிடங்குக்குள் தேடிக்கொண்டிருந்தது. லட்சக்கணக்கான மாணவர்கள், லட்சக்கணக்கான கட்டுரைகள். பசியைப் பற்றி, சாதியைப் பற்றி, அப்பன் அடித்ததைப் பற்றி, காதலைப் பற்றி, எல்லாவற்றுக்கும் வாதமும் எதிர்வாதமும் இருந்தன. சொல்ல மாட்டேன் என்று எழுதிய கட்டுரை ஒன்றுகூட இல்லை. எப்படி இருக்கும்? சொல்லாதவர்களுக்கு மதிப்பெண் போட்டதில்லை. அவர்கள் தேறியதும் இல்லை.

'இக்காரணத்துக்குப் பதில் இல்லை. முடிவு ஓராண்டுக்கு நிறுத்தி வைக்கப்படுகிறது.'

தஸ்லீமா நிறைமதியின் தோளை ஒருமுறை அழுத்தினாள், எலும்பு வலிக்கும்படி.

அந்த வாரம் மன்றத்தில் பலபேருடைய இரண்டாவது பொத்தானும் வேலை செய்தது. 'சொல்ல மாட்டேன்.' 'சொல்ல மாட்டேன்.' உதவித்தொகைகள் நின்றுபோகாமல் நின்றன. தெருவில் பட்டாசு வெடித்தார்கள். அம்மா ஆட்டோவுக்கு மாலை போட்டாள். மகிழினி ஓடிவந்து கட்டிக்கொண்டு, "எப்பிடிக்கா? எனக்கும் சொல்லித் தாக்கா" என்றாள். ஒன்றும் இல்லை என்று நிறைமதி அவள் தலையைத் தடவி அனுப்பினாள். அந்தப் பெண் காதிலிருந்து செவிமணியைப் பிடுங்கிப் போட வேண்டும் என்று தோன்றியது. பிடுங்கினால் படிப்பு போகும், வேலை போகும். அவள் அம்மாவிடம் என்ன காரணம் சொல்வது? தள்ளிப் போட்டாள்.

அடுத்த பருவம் தொடங்கியபோது மானுடக் கலைக்கூடம் ஒரு புதிய தாளை அறிவித்தது. 'மௌனத்தின் மெய்யியல்'. எல்லோருக்கும் கட்டாயம். காலத்துக்கேற்ற துணிச்சலான பாடத்திட்டம் என்று பத்திரிகைகள் பாராட்டின.

ஞாயிற்றுக்கிழமை பகல். நிறைமதி வீட்டில் துணி மடித்துக்கொண்டிருந்தாள். அவள் வீட்டுக்கும் மகிழினி வீட்டுக்கும் ஒரே சுவர், கட்டும்போது செங்கல் மிச்சம் பிடித்தது. அந்தப் பக்கம் மகிழினி பயிற்சியைச் சத்தமாக வாசிப்பது கேட்டது.

"உங்கள் குடும்பமோ தெருவோ யாரிடமும் பேசாத ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். அது ஏன் பேசப்படவில்லை என்று எழுதுங்கள். முழு மதிப்பெண் பெற, என்ன நடந்தது என்பதை முதலில் விளக்கவும்."

கையிலிருந்த துணியைப் போட்டுவிட்டு நிறைமதி எழுந்தாள்.

"ம்மா," என்று கூப்பிட்டாள் மகிழினி. "அந்த வெள்ளம் வந்தப்ப நம்ம தெருவுல ஏதோ நடந்துச்சாமே. கேட்டா எல்லாரும் வாய மூடிக்கிறீங்க. இன்னாம்மா அது?"

நிறைமதி சுவரருகே போய்விட்டாள். வேண்டாம் என்று கத்த வாயைத் திறந்தாள். கத்தினால் அந்தக் காதிலிருக்கிற பச்சை விளக்குக்கும் கேட்கும். எதை வேண்டாம் என்கிறாள் என்று அது யோசிக்கும், யோசித்துக் கண்டுபிடிக்கும். உள்ளங்கையைச் சுவரில் ஊன்றிக்கொண்டு நின்றாள்.

அந்தப் பக்கம் பாத்திரம் கழுவும் சத்தம் நின்றது. குழாயை மூடினார்கள். பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்துப் போடுகிற ஓசை வந்தது.

"பரிச்சைக்கா கேக்குற?" என்றாள் மகிழினியின் அம்மா. பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்டவள். மகளின் படிப்புக்குத் தன்னிடமும் ஏதோ கொடுக்க இருக்கிறது என்ற பெருமை குரலில் வழிந்தது. "மார்க்கு வருமா? அப்ப எழுதிக்கோ."